பத்திரத்தைப் பிரிக்கும் முன் வயதைக் கேட்கும் வக்கீலம்மா: எங்கள் குடும்பத்தின் அனுபவம்

மதுரை ஒத்தக்கடைப் பக்கம், வீடு வாங்குபவர்களுக்குப் பத்திரம் சரிபார்த்துத் தரும் ஒரு வக்கீலம்மாவின் அலுவலகத்தைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் மூன்று பேர், மூன்று வெவ்வேறு வயதில், வீடு வாங்கும் யோசனையோடு அவரிடம் போனோம். முதலில் நானும் என் வீட்டுக்காரரும், அப்புறம் என் தங்கை மகள், கடைசியாக என் சித்தப்பா. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருப்பதால் அவர் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் இந்த வேலை எப்படி நடக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால், உங்கள் ஊர் வக்கீலிடமும் இதையே கேட்டு வாங்கலாம்.

ஒரு சொத்துக்கு எங்களிடம் வாங்கியது 6,000 ரூபாய். இதற்கு மூலப் பத்திரத்திலிருந்து இன்றைய பத்திரம் வரை வரிசையாகப் படிக்கிறார்கள், 30 வருட வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்) போட்டுப் பார்க்கிறார்கள், பட்டா, அ-பதிவேடு (சர்வே எண் வாரியான நிலப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் பத்திரத்தின் நான்கு மாலோடு (நாலு பக்க எல்லையோடு) ஒப்பிடுகிறார்கள், கடைசியில் எழுத்தில் கருத்துரை தருகிறார்கள். இதைச் செய்துதர மதுரையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த அலுவலகத்தை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம், அதற்கு முன்னால் நடக்கும் பேச்சு. முதல் நாள் நாங்கள் பையிலிருந்து பத்திர நகலை எடுத்து நீட்டினோம். அவர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "உங்க ரெண்டு பேருக்கும் வயசு என்ன? பிள்ளைங்க என்ன படிக்கிறாங்க? தொழில் எந்த மாசம் டல்லா இருக்கும்? இந்த வீட்டுல எத்தனை வருஷம் இருக்கப் போறீங்க?" என்று கேட்டார். பத்திரம் சுத்தமாக இருந்தாலும் அந்த வயதுக்கு அந்த வீடு பொருந்தாமல் போகலாம் என்பது அவர் எண்ணம். மூன்று பேருக்கும் அவர் சொன்னது மூன்று விதமாக இருந்ததைப் பார்த்த பிறகு எனக்கும் அதே எண்ணம்தான்.

எங்கள் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சிக்கல் அதிகம் இருந்தது அதில்தான். எனக்கு 45, என் வீட்டுக்காரருக்கு 49. வாடகைக் கடையில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறோம். பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை. பையன் அடுத்த வருடம் பிளஸ் டூ. ஆனையூர்ப் பக்கம் 3 சென்ட் இடத்தில் ஒரு பழைய வீடு 38 லட்சத்துக்கு வந்தது. தொடர்ந்து வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து வந்திருந்ததால் வங்கியில் 30 லட்சம் வரை தருவதாகச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில்தான் வக்கீலம்மாவிடம் போனோம்.

அவர் கணக்குப் போட்டார். 30 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 15 வருடம் என்றால் மாதம் 29,542 ரூபாய் தவணை. "20 வருஷம் போட்டா 26,035 தான், ஆனா வட்டியோட சேர்த்து 62 லட்சத்துக்கு மேல கட்டணும். உங்க வீட்டுக்காரருக்கு அப்போ 69 வயசு. அந்த வயசுலயும் மெஷின் முன்னாடி நிக்கணுமா?" என்று கேட்டார். அப்புறம் கடையின் வரவு செலவு நோட்டைக் கொண்டு வரச் சொன்னார். எங்கள் தொழில் தெரியாதவர்கள் ஆடியும் மார்கழியும்தான் எங்களுக்கு வறட்சி என்று நினைப்பார்கள். தை முகூர்த்தத்துக்கான பத்திரிகை மார்கழி பாதியிலேயே அச்சுக்கு வந்துவிடும், ஆவணிக்கானது ஆடி பாதியில் வரும். எங்களுக்கு உண்மையில் கை வறண்டு போவது ஆனி பாதியிலிருந்து ஆடி பாதி வரை, திரும்பவும் ஆவணி கடைசியிலிருந்து புரட்டாசி பாதி வரை. போதாததற்கு இப்போது பாதிப் பேர் வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பிவிட்டு, நெருங்கிய சொந்தங்களுக்கு மட்டும் அச்சடிக்கிறார்கள். இதையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க நல்ல மாச வருமானத்தை வச்சுத் தவணையைக் கணக்குப் போடுறீங்க. புரட்டாசி வருமானத்தை வச்சுப் போடுங்க" என்றார்.

புரட்டாசி வருமானத்தை வைத்துப் போட்டபோது எங்களால் தாங்க முடிந்தது 20 லட்சம் கடன்தான். 15 வருடத்துக்கு மாதம் 19,695. தனிநபருக்குத் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே கட்டினால் வங்கி அபராதம் போடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆகவே கை நிறையும் மாதங்களில் அசலில் கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம் என்றார். மீதிப் பணத்துக்கு என் பேரில் இருந்த காலி மனை ஒன்றை விற்றோம். பையனின் கல்லூரிக்கு வைத்திருந்த டெபாசிட்டை மட்டும் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாற்பதுகளில் வீடு வாங்குபவர்களுக்குக் கடன் தவணையும் பிள்ளை படிப்பும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும், இரண்டுக்கும் ஒரே பணத்தை நம்பாதீர்கள் என்றார். கடன் தொகைக்குக் குறையாமல் என் வீட்டுக்காரர் பேரில் ஒரு டேர்ம் பாலிசி (ஆயுள் காப்பீடு) எடுக்கவும் சொன்னார். வக்கீலம்மா பாலிசி விற்பவர் இல்லை என்பதால் அந்தப் பேச்சு எங்கள் காதில் ஏறியது.

இதெல்லாம் முடிந்த பிறகே பத்திரம். விற்பவரின் அப்பா 1978ல் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய இடம். 1994ல் உயில் எதுவும் எழுதாமல் இறந்துவிட்டார், அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். 1996ல் அண்ணன் தம்பி இரண்டு பேரும் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்துகொண்டார்கள். வில்லங்கத்தில் பார்த்தால் எல்லாம் நேராக இருந்தது, பட்டாவும் விற்பவர் பேரிலேயே இருந்தது. வக்கீலம்மா வாரிசுச் சான்றைக் கேட்டார். அதில் மூன்றாவதாக ஒரு பெயர். உசிலம்பட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்த தங்கை.

விற்பவர், "அதுக்கு நகை போட்டு, சீர் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சும்மா, அப்புறம் என்ன பங்கு?" என்றார். நம் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் பேச்சுதான். 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து உயில் இல்லாமல் போனால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. சீர் செய்துவிட்டதால் அந்தப் பங்கு போய்விடாது. தங்கை விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) பதிந்து கொடுத்தால்தான் அட்வான்ஸ் என்று வக்கீலம்மா நிறுத்தி வைத்துவிட்டார். எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் அவர் செய்ததுதான். அவர் எங்களுக்காக வேலை பார்ப்பவர்; ஒரு கையெழுத்து கிடைத்தால் எங்கள் காரியம் முடிந்துவிடும். ஆனாலும் அந்தத் தங்கை வந்த அன்று எதிரில் உட்கார வைத்து, எதில் கையெழுத்துப் போடுகிறார், இந்தச் சொத்தில் அவருக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்று விளக்கிவிட்டு, "உங்க பங்குக்கு எவ்வளவு தர்றாங்கன்னு பேசி முடிச்சுட்டீங்களா?" என்று கேட்டார். அதுவரை அவரிடம் யாரும் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். அவருக்கும் ஒரு தொகை கிடைத்தது. எங்களுக்கும் நாளைக்கு யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள் என்ற நிம்மதி.

இன்னொன்று, ஆனையூர் 2011ல்தான் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய கட்டட அனுமதி பழைய நகராட்சி பேரில் இருக்கும் என்று சொல்லி அதையும் கேட்டு வாங்கினார். மனை அங்கீகாரம் இல்லாததாக இருந்தால், 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவானதா, 2017ல் வந்த விதிப்படி வரன்முறை செய்த (பின்னால் அங்கீகாரம் கொடுத்த) உத்தரவு இருக்கிறதா என்று பார்ப்பதும் அவர் வழக்கம். எங்கள் வீட்டுக்கு உத்தரவு இருந்தது.

அப்புறம் கண்மாய். மதுரையைச் சுற்றி வீட்டு மனை போட்ட இடங்களில் பாதிக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு கண்மாயோ, வரத்துக் கால்வாயோ இருக்கும். அ-பதிவேட்டில் நம் சர்வே எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது, பக்கத்து எண்கள் கண்மாயா ஓடையா என்று புலப்படத்தை வைத்துக் காட்டினார். 2024 அக்டோபர் மழையில் செல்லூர், நரிமேடு வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை எல்லோரும் பார்த்தோம். "அந்த மழைக்கு உங்க தெருவுல எங்க வரைக்கும் தண்ணி நின்னுச்சுன்னு பக்கத்து வீட்டுல கேளுங்க. விக்கிறவங்ககிட்ட கேக்காதீங்க" என்றார். கேட்டோம். தெருமுனையோடு நின்றுவிட்டதாகச் சொன்னார்கள்.

தங்கை மகளுக்கு 26 வயது. இலந்தைக்குளம் எல்காட் வளாகத்தில் மென்பொருள் வேலை, கையில் வாங்குவது 52,000. நத்தம் ரோட்டில் மேம்பாலமும் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் 2023ல் திறந்ததிலிருந்து அவளுக்கு அந்தப் பக்கம் மேல்தான் கண். 40 லட்சத்துக்கு ஒரு கை மாறிய அடுக்குமாடி வீடு பார்த்து வைத்திருந்தாள். என்னிடம், "பெரியம்மா, பேங்க்லயே முழுசாக் குடுத்துருவாங்கல்ல?" என்றாள். நான் நேராக ஒத்தக்கடைக்குக் கூட்டிப் போனேன்.

முழுசாகத் தர மாட்டார்கள். கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சத்துக்குள் என்றால் சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் உச்ச வரம்பு. 32 லட்சம் போக 8 லட்சம் அவள் கையிலிருந்து வர வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழு விலைக்கும் பத்திரம் போட்டால் அது 3,60,000. இதற்கு வங்கி பொதுவாகக் கடன் தராது. புரோக்கர் கமிஷன், வங்கிச் செலவு, பத்திர ஒப்படைப்புப் பதிவு (கடனுக்காகப் பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைத்ததைப் பதிவது) எல்லாம் தனி. ஆக 12 லட்சத்தைத் தாண்டும். அவளிடம் இருந்தது ஐந்தரை லட்சம். அதே 8.5 சதவீத வட்டியில் 20 வருடத் தவணையோ 27,770, சம்பளத்தில் பாதிக்கும் மேல்.

அவள் முகம் வாடிவிட்டது. வக்கீலம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒரு சோதனை சொன்னார்: "இந்த மாசத்துலேருந்து 27,000 ரூபாயை ஆர்.டி.ல போடு. வீடு வாங்கிட்டதா நினைச்சுக்கோ. ஒரு வருஷம் சிரமமில்லாமப் போட முடிஞ்சா உனக்கு இந்த விலை வீடு தாங்கும். நடுவுல நின்னுபோச்சுன்னா சின்ன வீடாப் பாரு. ரெண்டுல எதுன்னாலும் கையில பணம் இருக்கும்." வருடம் முடிந்தால் அசலே 3,24,000. முதல் வீட்டுக்குத் தயாராகும் இளவயதுக்காரர்களுக்கு இதைவிட உருப்படியான யோசனையை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. அவள் இப்போது போட்டுக்கொண்டிருக்கிறாள். கிரெடிட் கார்டு பாக்கியை மாதாமாதம் முழுசாகக் கட்டும் பழக்கமும் வந்திருக்கிறது, சிபில் மதிப்பெண்ணுக்காக (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்).

என் தங்கை வீட்டுக்காரருக்கு ஒரு கவலை இருந்தது: கல்யாணத்துக்கு முன்னால் பெண் பேரில் வீடு வாங்கினால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்களோ. தன் சம்பாத்தியத்தில் தன் பேரில் வாங்கிய வீடு கல்யாணத்துக்கு அப்புறமும் அவளுடையதுதான், பணம் அவள் கணக்கிலிருந்து போனதற்கு வங்கி விவரத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும் என்று வக்கீலம்மா சொன்னார். பின்னால் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து கடன் வாங்கினால், இரண்டு பேர் பெயரும் பத்திரத்திலும் இருக்க வேண்டும். தவணை மட்டும் கட்டிவிட்டுப் பத்திரத்தில் பெயர் இல்லாத பெண்கள் நிறையப் பேர் தன்னிடம் வருவதாகச் சொன்னார். அந்தக் கடைசி வரியைக் கேட்டபோது என் தங்கை வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுக்குமாடியில் பிரிபடாத பாகம் (மொத்த நிலத்தில் அந்த வீட்டுக்கு உள்ள பங்கு) எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும், விற்பவர் வாங்கிய பழைய கடன் தீர்ந்ததற்கு ரசீதுப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும் என்பதும் அவள் குறித்துக்கொண்டவை.

சித்தப்பாவுக்கு 67. மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முனிச்சாலையில் குறுகலான படியோடு பழைய வீடு. சித்திக்கு முழங்கால் வலி. அந்த வீட்டை விற்று நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் மாடியும் கீழுமாகப் பெரிய வீடு வாங்க ஆசைப்பட்டார், தீபாவளிக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்தால் தங்க இடம் வேண்டும் என்று. விற்ற பணம் போதாது. கோயம்புத்தூரில் இருக்கும் மகனைச் சேர்த்துக் கடன் வாங்க நினைத்தார்.

வக்கீலம்மா சித்தப்பாவைக் கேட்கும் முன் சித்தியைக் கேட்டார், "மாடியை யாரும்மா கூட்டித் துடைப்பா?" என்று. சித்தி பதில் சொல்லாமல் சித்தப்பாவைப் பார்த்தார். "வருஷத்துல நாலு நாள் வர்ற பிள்ளைங்களுக்காக ஏன் சார் மிச்ச நாளெல்லாம் படி ஏறப் போறீங்க?" என்றார் வக்கீலம்மா. மகன் பேரில் இந்தக் கடன் ஏறினால் அவர் தனக்கென்று வீடு வாங்கும்போது அவருக்குக் கிடைக்கும் கடன் குறைந்துவிடும் என்பதையும் எடுத்துச் சொன்னார். சித்தப்பா அன்று கொஞ்சம் வருத்தத்தோடுதான் எழுந்தார். பிறகு அண்ணா நகர்ப் பக்கம், ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸுக்கும் பக்கத்தில், தரைத்தளத்தில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றைக் கடனில்லாமல் வாங்கினார்கள். பழைய வீட்டை விற்ற லாபத்தை இரண்டு வருடத்துக்குள் இன்னொரு வீட்டில் போட்டால் மூலதன ஆதாய வரியில் விலக்கு உண்டு என்பதால் அதற்கேற்ப தேதிகளையும் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் சித்தப்பாவுக்குச் சொன்ன இன்னொரு விஷயம் வயதானவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. கணவன் மனைவி இரண்டு பேர் பேரில் பத்திரம் போட்டால், ஒருவர் போன பிறகு முழுவதும் மற்றவருக்குத் தானாக வந்துவிடும் என்று சித்தப்பா நினைத்திருந்தார். வீட்டுக்கு அப்படி நடக்காது. இறந்தவரின் பாதி அவருடைய வாரிசுகள் எல்லோருக்கும் பிரியும். ஆகவே இரண்டு பேரும் தனித்தனியாக, தனக்குப் பின் மற்றவருக்கு என்று இரண்டு சாட்சிகளோடு உயில் எழுதிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு இப்போதே தானசெட்டில்மென்ட் (பணம் வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதிவிடலாமா என்று சித்தப்பா கேட்டார். குடும்பத்துக்குள் என்றால் அதற்குச் செலவு குறைவு. முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. செலவு குறைவு என்பதற்காக அவசரப்படாதீர்கள், எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையையும் உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்தில் எழுதுங்கள் என்றார் வக்கீலம்மா. 2007ஆம் வருட மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் அந்த நிபந்தனைதான் பெரியவர்களுக்குப் பிடிமானம்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அலுவலகம் முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது. சித்தியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டுதான் ஏற்றினோம். வயதானவர்கள் வரும் இடத்தில் கீழே ஒரு நாற்காலியும் மேசையுமாவது போட வேண்டும். போனில் நேரம் வாங்கிக்கொண்டு போனாலும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கருத்துரையை ஆங்கிலத்தில் மட்டும் தருகிறார்கள். வங்கிக்கு அது போதும். ஆனால் பணம் கொடுப்பவர்கள் நாங்கள், எங்களுக்குத் தமிழில் ஒரு பக்கமாவது எழுதித் தர வேண்டும். வாயால் அவ்வளவு அழகாக விளக்குபவரால் அதை எழுதித் தரவும் முடியும். அப்புறம், வங்கி தன் பட்டியலில் உள்ள வக்கீலிடம் திரும்பவும் ஒரு முறை பார்க்கச் சொல்லும், அந்தக் கட்டணம் தனி. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். எங்களுக்கு அது பிறகுதான் தெரிந்தது.

ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன்.

இப்படிப்பட்ட ஆலோசனைக்குப் போகும்போது பத்திர நகலோடு உங்கள் ஒரு வருட வங்கிக் கணக்கு விவரம், வரிக் கணக்கு, நடப்பில் இருக்கும் கடன்களின் பட்டியல், விற்பவர் குடும்பத்தின் வாரிசுச் சான்று ஆகியவற்றையும் எடுத்துப் போங்கள். கணவன் மனைவி இரண்டு பேரும் போங்கள். டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன் போங்கள். முடிந்தால் ஆடி மாதத்தில் போங்கள். அந்த மாதம் கிரையம் பதிபவர்கள் குறைவு, வக்கீலம்மாவும் நிதானமாகப் பேசுவார். ஆவணி பிறந்துவிட்டால் முகூர்த்த நாள் டோக்கனுக்காகப் பத்திர ஆபீஸ் வாசலிலேயே அவரைப் பிடிக்க வேண்டியிருக்கும்.